கம்ப்யூட்டர் பக்கத்தில் கருகல் வாடையா? மூக்கை நம்புங்கள்!

"ஏம்மா, ஏதோ கருகுற மாதிரி வாடை வருதே... உனக்கு வரலையா?"

எங்கள் அத்தை (என் கணவரின் அம்மா) இப்படிக் கேட்க ஆரம்பித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அவருக்கு வயது 74. ஆஸ்துமா உண்டு. வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கும் அறையில்தான் அவருடைய கட்டிலும் கிடக்கிறது. காலை டிபன் வேலை முடிந்ததும் நான் போய் மோந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. "பக்கத்து வீட்டுல ஏதாவது தாளிச்சிருப்பாங்க அத்தை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். என் கணவரோ, "அம்மாவுக்கு வயசாச்சு. அப்படித்தான் ஏதாவது தோணும்" என்று முடித்துவிட்டார். பையன் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றவே இல்லை.

மூன்றாம் நாள் ராத்திரி அத்தைக்கு இருமல், இழுப்பு. உட்கார்ந்தபடியே விடிய வைத்தோம். காலையில் டாக்டர் பரிசோதித்துவிட்டு, "வீட்ல பெயின்ட் அடிச்சீங்களா? கொசுவர்த்தி ஏத்துறீங்களா? ஏதாவது புகை, நெடி?" என்று கேட்டார்.

"கருகல் வாடைன்னு மூணு நாளா சொல்றேன். யார் கேக்குறாங்க?" என்றார் அத்தை.

டாக்டர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். "மருந்து எழுதித் தர்றேன். ஆனா வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா அந்த வாடை எங்கேருந்து வருதுன்னு பாருங்க."

தேடினோம். கண்டும் பிடித்தோம். அது எங்கே ஒளிந்திருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். இதே வாடை நாளைக்கு உங்கள் வீட்டில் வந்தால் நீங்கள் என்ன செய்ய வேண்டும்? அதை முதலில் பார்த்துவிடுவோம்.

முதல் வேலை தேடுவதல்ல, அணைப்பது!

கருகல் வாடை வந்ததும் நாம் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. கம்ப்யூட்டரை ஓடவிட்டுக்கொண்டே டேபிளுக்கு அடியில் தலையை விட்டு மோந்து பார்ப்பது! அது வேண்டாம்.

* புகை, தீப்பொறி, 'சர்ர்' என்ற சத்தம் - இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் வீட்டின் மெயினை ஆஃப் செய்யுங்கள். குழந்தைகள், பெரியவர்களோடு வெளியே வந்துவிடுங்கள். தீயணைப்புத் துறைக்கு 101. எல்லா அவசரத்துக்கும் பொதுவான எண் 112. மெயின் இருக்கும் இடத்தில் புகை மண்டியிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

* வாடை மட்டும்தான் என்றால், அந்த அறையின் சுவர் ஸ்விட்சை ஆஃப் செய்யுங்கள். ஸ்விட்சே சூடாக இருந்தால் அதைத் தொடாமல் மெயினுக்குப் போய்விடுங்கள். "ஃபைலை சேவ் பண்ணிட்டு அணைக்கிறேன்" என்பதெல்லாம் கூடாது. ஃபைல் போனால் மறுபடி டைப் செய்துகொள்ளலாம்.

* யு.பி.எஸ்.ஸை மறந்துவிடாதீர்கள்! மெயினை அணைத்த பிறகும் அது பேட்டரியிலிருந்து கரன்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதன் பட்டனையும் அழுத்தி அணைக்க வேண்டும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதற்கும் இதே கதைதான். லேப்டாப்பையும் அணைத்துவிடுங்கள்.

* எரியும் மின்சாதனத்தின் மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது. கையில் பவுடர் வகை (ஏ.பி.சி.) அல்லது கார்பன் டை ஆக்ஸைடு தீயணைப்பான் இருந்து, தீ சின்னதாகவும் இருந்தால் மட்டும் முயற்சி செய்யலாம். வாசல் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. வருவது கருகல் வாடை அல்ல, சமையல் காஸ் வாடை என்றால் எந்த ஸ்விட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய், அங்கிருந்து 1906-க்குப் போன் செய்யுங்கள்.

மூக்கு ஏன் ஏமாற்றுகிறது?

ஊதுவத்தி ஏற்றிய அறையில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருங்கள். அந்த மணம் இருப்பதே மறந்துபோகும். வெளியே போய்விட்டு வந்தால்தான் மறுபடி தெரியும். ஒரே வாசனை தொடர்ந்து வந்தால் மூக்கிலுள்ள நரம்பு செல்களும் மூளையும் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். புதுசாக வரும் வாசனையைக் கண்டுபிடிக்க உடம்பு செய்துகொண்ட ஏற்பாடு இது. கருகல் விஷயத்தில் இதுவே ஆபத்தாகிவிடுகிறது. அறைக்குள்ளேயே மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவருக்கு வாடை தெரியாது. வெளியிலிருந்து உள்ளே வருகிறவருக்குத்தான் தெரியும்.

எங்கள் வீட்டிலும் அதேதான் நடந்தது. பையன் சாயங்காலம் முழுக்க அந்த அறையிலேயே இருந்தான். அத்தை வாசல் திண்ணையில் காற்று வாங்கிவிட்டு உள்ளே வருவார். வந்ததும், "வாடை வருதே!"

அதனால் தேடும்போது நீங்களும் பத்து நிமிஷம் வெளியே போய் நல்ல காற்றைச் சுவாசித்துவிட்டு வாருங்கள். அல்லது அப்போதுதான் வீட்டுக்குள் நுழைகிறவரை மோந்து பார்க்கச் சொல்லுங்கள். ஜலதோஷம் பிடித்தவரின் சாட்சி செல்லாது!

வாடையிலும் வகை உண்டு

* பிளாஸ்டிக், ரப்பர் கருகும் வாடை: ஒயரின் மேலுறை, பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அடாப்டர் ஆகியவை சூடேறுவதன் அடையாளம்.

* மீன் வாடை: வீட்டில் சைவச் சமையல், ஆனால் மீன் கவிச்சி அடிக்கிறதா? ஸ்விட்ச், பிளக்கில் பயன்படும் சில பிளாஸ்டிக், பிசின் வகைகள் சூடேறினால் இப்படித்தான் நாறும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் கெட்டுப்போனாலும் இந்த வாடை வரலாம்.

* தூசி கருகும் வாடை: பல நாள் மூடி வைத்திருந்த கம்ப்யூட்டரைப் போட்டால் கொஞ்ச நேரம் வரும். சில நிமிஷத்தில் போய்விட்டால் கவலையில்லை. சுத்தம் செய்தால் போதும். போகவில்லை என்றால் தூசி என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

* அழுகிய முட்டை வாடை: யு.பி.எஸ்., இன்வெர்ட்டர் பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஆகிறது. அதிலிருந்து வரும் வாயுக்களில் ஒன்று எளிதில் தீப்பிடிக்கும், இன்னொன்று நச்சு. ஜன்னலைத் திறந்து, பக்கத்தில் விளக்கு, ஊதுவத்தி எதையும் ஏற்றாமல், ஆளைக் கூப்பிடுங்கள். சட்டென்று வாடை நின்றாலும் நம்பாதீர்கள். இந்த வாயு மூக்கையே மரத்துப்போகச் செய்யும்.

* இனிப்பு கலந்த கெமிக்கல் வாடை: லேப்டாப், செல்போன் பேட்டரி கசிந்தால் இப்படி வரலாம். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடக் கூடாது, அழுத்தக் கூடாது, குத்திப் பார்க்கவே கூடாது. மெத்தை, துணிமணி பக்கத்திலிருந்து தள்ளி வையுங்கள். புகை வந்தால் அதைத் தொடாமல் எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள்.

* மாமிசம் பொசுங்கும் வாடை: அட, இது நம்ம ஊர் ஸ்பெஷல்! பல்லி யு.பி.எஸ்.ஸுக்குள்ளோ ஸ்விட்ச் போர்டுக்குள்ளோ புகுந்து ஷார்ட் ஆகியிருக்கலாம்.

எந்த வரிசையில் தேடுவது?

எல்லாம் அணைந்து, சூடு ஆற கால் மணி நேரம் விடுங்கள். அதற்குள் வெளியிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். தெருவில் குப்பை எரிக்கிறார்களா? அடுப்பில் பால் அடிப்பிடித்ததா? கொசு விரட்டும் மெஷின் சுவரில் சொருகியபடியே கருகுகிறதா? இதெல்லாம் இல்லையென்றால் சுவரிலிருந்து கம்ப்யூட்டரை நோக்கி வர வேண்டும். பெரும்பாலானவர்கள் தலைகீழாக, கம்ப்யூட்டரிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்!

1. சுவர் பிளக் பாயின்ட். மெயின் அணைந்திருக்கும்போது பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். துளையைச் சுற்றிப் பழுப்போ கறுப்போ இருக்கிறதா? பிளக்கின் பின் கறுத்திருக்கிறதா? செருகும்போது லொடலொடவென்று ஆடுகிறதா?

2. எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அதன் ஒயரும். ஒயரை முழுக்க விரித்துப் பாருங்கள். மேஜைக்கால், கட்டில்கால் அழுத்திய இடம், எலி கடித்த இடம், டேப் சுற்றிய இடம் எல்லாம் சந்தேகத்துக்குரியவை.

3. யு.பி.எஸ்., அடாப்டர், இன்டர்நெட் ரவுட்டரின் குட்டி அடாப்டர். ஒவ்வொன்றையும் கழற்றி, தனியாக மூக்கருகே வைத்து மோந்து பாருங்கள். கருகிய பொருளில் வாடை நெடுநேரம் தங்கும்.

4. மானிட்டர். பின்பக்கக் காற்றுத் துளைகளில் மோந்து பாருங்கள்.

5. கடைசியாகத்தான் சி.பி.யு. பெட்டி. பின்பக்கம் ஃபேன் இருக்கும் இடத்தில் வாடை அடித்தால் அங்கேதான் எஸ்.எம்.பி.எஸ். என்ற பவர் சப்ளை இருக்கிறது. அதை நீங்கள் பிரிக்க வேண்டாம். 230 வோல்ட் ஏ.சி. அதற்குள் சுமார் 325 வோல்ட் டி.சி.யாக கெப்பாசிட்டரில் சேர்ந்திருக்கும். ஒயரைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அந்த ஷாக் உள்ளே காத்திருக்கும். மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

கருகல், உருகல், பழுப்பு எங்கேயாவது தெரிந்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். "இன்னொரு தரம் போட்டுப் பாக்கலாம்" என்ற ஆசை வேண்டாம். எலெக்ட்ரீஷியன் வரட்டும். ஒன்றுமே தெரியவில்லை என்றால் மட்டும், வேறொரு நல்ல பிளக் பாயின்ட்டில் ஒவ்வொரு சாதனமாகப் போட்டு, பக்கத்திலேயே கால் மணி நேரம் இருந்து பாருங்கள். எதைப் போட்டதும் வாடை வருகிறதோ அதுதான் திருடன்!

இன்னொரு துப்பு நேரம். வாடை எப்போது வருகிறது? காலையா, மாலையா? அப்போது கூடுதலாக எது ஓடுகிறது? ஒரு சீட்டில் குறித்து வையுங்கள். எங்கள் திருடன் பிடிபட்டது அப்படித்தான்.

"சாயங்காலம்தான் வருது" என்று அத்தை திரும்பத் திரும்பச் சொன்னார். நான் மோந்து பார்த்ததோ காலையில்! சாயங்காலம் அந்த அறையில் என்ன நடக்கும்? பையன் கம்ப்யூட்டரும் போட்டு, அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அயர்ன் பாக்ஸையும் சொருகி, மறுநாள் யூனிஃபார்மைத் தேய்ப்பான். டேபிளை நகர்த்திப் பார்த்தோம். சுவரில் அந்த பாக்ஸின் வெள்ளை பிளக் காபி டிகாக்ஷன் நிறத்துக்கு மாறியிருந்தது. ஒரு பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் உருகி வழிந்திருந்தது. அதற்கும் அத்தையின் மெத்தைக்கும் நடுவில் இரண்டு அடிதான் இருக்கும். ஜன்னல் திரை அதைவிடப் பக்கம்.

கம்ப்யூட்டர் பாவம், நிரபராதி!

"எம்.சி.பி. இருக்கே, ஏன் விழலை?"

என் கணவர் எலெக்ட்ரீஷியனிடம் கேட்ட கேள்வி இது. நீங்களும் கேட்பீர்கள். கணக்கைப் பாருங்கள்.

அயர்ன் பாக்ஸ் 1000 வாட். 230 வோல்ட்டில் அது சுமார் 4.3 ஆம்ப் இழுக்கும். கம்ப்யூட்டரும் மானிட்டரும் 200 வாட் என்று வைத்துக்கொண்டால் இன்னும் 0.9 ஆம்ப். மொத்தம் 5 ஆம்பை ஒட்டித்தான் வருகிறது. 6 ஆம்ப் பாயின்ட்டுக்கு இது அளவுக்குள்தான். அளவு மீறினால்தான் எம்.சி.பி. விழும். கரன்ட் கசிந்தால்தான் ஆர்.சி.சி.பி. விழும். இங்கே இரண்டும் நடக்கவில்லை. நடந்தது லூஸ் கான்டாக்ட்!

பழைய பாயின்ட்டின் உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு தளர்ந்து, பின்னை இறுக்கிப் பிடிக்காமல் போய்விடும். அந்த இடத்தில் மின்தடை 1 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 ஆம்ப் ஓடும்போது அங்கே கிளம்பும் சூடு 25 வாட் (5 x 5 x 1). ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்குவார்களே, அந்த சால்டரிங் அயர்ன் பல சமயம் இதே 25 வாட்தான்! அப்படி ஒன்றை பிளக்குக்குள் செருகி வைத்த மாதிரி. அயர்ன் பாக்ஸ் இல்லாமல் கம்ப்யூட்டர் மட்டும் ஓடினால் அதே இடத்தில் ஒரு வாட்கூட வராது. அதனால்தான் காலையில் என் மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை.

உடம்புக்கு என்ன கெடுதல்?

ஒயரின் மேலுறை பெரும்பாலும் பி.வி.சி. அது கருகும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வருகிறது. கண், மூக்கு, தொண்டையின் ஈரத்தில் பட்டதும் அது அமிலமாகிவிடும். அதனால்தான் எரிச்சல், இருமல், கண்ணில் நீர். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கொஞ்சம் நெடியே இழுப்பைக் கிளப்பப் போதும். புகையோடு வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, தூக்கக் கலக்கம் வந்தால் உடனே காற்றோட்டத்துக்கு வந்து டாக்டரைப் பாருங்கள். 108-க்குப் போன் செய்யத் தயங்காதீர்கள்.

புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறல் வரலாம். குரல் கரகரத்தால், சளியில் கரி தெரிந்தால், "சரியாப் போயிடும்" என்று படுக்க வைக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

கை சுட்டுவிட்டால் வளையல், மோதிரத்தை உடனே கழற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். ஐஸ், பற்பசை, மஞ்சள், இங்க் எதுவும் வேண்டாம். ஷாக் அடித்து ஏற்பட்ட காயம் வெளியே கடுகளவு தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இருக்கலாம். இதயத் துடிப்பையும் பாதிக்கலாம். டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டிருப்பவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள்.

யாருக்குமே தெரியவில்லை, ஒருவருக்கு மட்டும் வருகிறதா?

வரிசையாகத் தேடியாகிவிட்டது. எலெக்ட்ரீஷியனும் பார்த்துவிட்டார். எங்குமே ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒருவருக்கு மட்டும் கருகல் வாடை வருகிறது என்றால் அது மூக்கு, மூளை சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். இல்லாத வாசனையை உணர்வதற்கு டாக்டர்கள் 'ஃபேன்டோஸ்மியா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சைனஸ் தொந்தரவு, ஒற்றைத் தலைவலி, தலையில் அடிபட்டது எனக் காரணம் பல. 2020-ல் பரவிய கோவிடுக்குப் பிறகு, காபி வாசனையே கருகல் போலத் தெரிகிறது என்று பலர் சொன்னது நினைவிருக்கும். இருக்கிற வாசனை திரிந்து தெரிவது அது. சில வகை வலிப்பு நோயிலும் சில விநாடிகள் இப்படிக் கருகல் வாடை வந்து போவதுண்டு. அந்த நேரத்தில் வெறித்துப் பார்ப்பது, பேச்சு நின்றுபோவது, நினைவு தப்புவது இருந்தால் நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். மற்றபடி காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஆரம்பிக்கலாம்.

ஆனால் ஒன்று. வீட்டை முழுக்கத் தேடிய பிறகுதான் இந்த முடிவுக்கு வர வேண்டும். நாங்கள் செய்த மாதிரி, தேடாமலே "வயசாச்சு" என்று சொல்லக் கூடாது.

மாதம் ஒரு முறை, பத்து நிமிஷம்

* அயர்ன் பாக்ஸ், ஹீட்டர், கெட்டில் இவற்றைக் கம்ப்யூட்டரின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகாதீர்கள். ஹீட்டருக்கு 16 ஆம்ப் பவர் பாயின்ட்தான்.

* ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுக்காதீர்கள்.

* லூஸான பாயின்ட்டில் தீக்குச்சி, காகிதம் சொருகிச் சமாளிக்காதீர்கள். பாயின்ட்டையே மாற்றுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள்.

* பிளக் பாயின்ட்டை மறைத்து கட்டில், திரை, துணிக்கூடை வைக்காதீர்கள். மெத்தை மேல் லேப்டாப்பை சார்ஜ் போடாதீர்கள்.

* வீட்டில் யாருக்காவது வாசனை தெரியாது என்றால், பேட்டரியில் ஓடும் புகை அலாரம் ஒன்றை மாட்டுங்கள்.

எங்கள் வீட்டு எலெக்ட்ரீஷியன் பழைய பாயின்ட்டைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா நீங்க என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டீங்கம்மா, ஃபயர் சர்வீஸைத்தான் கூப்பிட்டிருப்பீங்க" என்றார். அத்தையின் இழுப்பும் ஒரு வாரத்தில் தணிந்தது. கட்டிலை வேறு சுவரோரம் மாற்றிப் போட்டோம்.

இப்போதெல்லாம் அத்தை "ஏதோ வாடை" என்று ஆரம்பித்தாலே போதும், முதலில் ஹெட்போனைக் கழற்றுவது என் பையன்தான். உங்கள் வீட்டுப் பெரியவரும் அப்படிச் சொன்னால், கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு ஒரு தடவை எழுந்து போய்ப் பாருங்கள்.